கடலில் விடப்பட்ட பேழை
‘ஹய் இப்னு யக்ளான்’ கதையை முன்வைத்து மனித இயல்பு, தனிமனித உரிமை, சமூக ஒழுக்கம் பற்றி ஒரு நோக்கு

மனிதன் இயல்பிலேயே நன்மையை நாடுபவனா? அல்லது சமூகத்தின் கட்டுப்பாடு இல்லாதபோது விலங்கினும் கீழ்நிலைக்கு இறங்கிவிடக்கூடியவனா? தனிமனிதனின் விருப்பத்துக்குச் சமூகம் எந்த எல்லைவரை தடைவிதிக்கலாம்? இவ்வினாக்களை மேற்குலகமே முதன்முதலில் எழுப்பியது என்ற எண்ணம் நம் கல்விக்கூடங்களில் வேரூன்றியிருக்கிறது. 1651இல் ஹாப்ஸ் எழுதிய ‘லெவியதான்’, 1762இல் ரூசோ எழுதிய ‘எமீல்’, 1859இல் மில் எழுதிய சுதந்திரம் பற்றிய நூல் ஆகியவற்றோடு இந்த விவாதம் தொடங்கி முடிவதாகவே பாடத்திட்டங்கள் அமைந்துள்ளன. இந்நூல்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அந்தலுஸைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மருத்துவர் இதே வினாக்களை ஒரு கதையின் வடிவில் முன்வைத்தார். ‘ஹய் இப்னு யக்ளான்’ என்னும் அந்த அரபு நூலை மீண்டும் வாசித்து, அதன் சிறப்பையும் அது விடைகாணாமல் விட்ட ஓரிடத்தையும் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நூலை நாம் முதன்முதலில் அரபிக் கல்லூரி மாணவராக இருந்தபோது படித்தோம். பின்னர் முதுகலைப் பாடத்துக்காக மீண்டும் படித்தோம். இரு முறையும் அதன் தொடக்கப் பக்கங்களை விரைந்து கடந்துவிட்டோம். அவ்வாறு கடந்தது தவறு என்பதை உணர்த்தியது ஒரு நூலோ ஓர் ஆசிரியரோ அல்ல. நாம் வாழும் அதியமான்கோட்டையைச் சுற்றியுள்ள மண்ணில் நிகழ்ந்தவையே ஆகும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நூலும் நூலாசிரியரும்

அபூபக்ர் இப்னு துஃபைல், கர்னாத்தாவுக்கு அண்மையிலுள்ள வாதீ ஆஷ் என்ற ஊரில் பிறந்தவர். முவஹ்ஹிதீன் ஆட்சியாளர் அபூ யஃகூப் யூஸுஃபின் அரண்மனை மருத்துவராகப் பணியாற்றியவர். இளம் இப்னு ருஷ்தை அந்த அவைக்கு அறிமுகம் செய்துவைத்தவரும் அவரே. ஹிஜ்ரி 581இல், அதாவது கி.பி. 1185இல், மராக்கிஷில் காலமானார். அவருடைய எழுத்துகளுள் உலகெங்கும் பரவியது இவ்வொரு சிறு நூலே. 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் போகாக் என்பவர் இதனை அரபு மூலத்துடன் இலத்தீனில் வெளியிட்டார். 1708இல் சைமன் ஒக்லி அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்தில் பெயர்த்தார். டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ 1719இல் வெளிவந்தது. தனித்தீவில் வாழும் மனிதன் என்ற கருவை டீஃபோ இங்கிருந்துதான் பெற்றாரா என்பது ஆய்வாளரிடையே இன்றும் விவாதத்துக்குரியது.

கதைச் சுருக்கம் இது: இந்தியத் தீவுகளுள் ஒன்றில், மனிதர் எவருமற்ற இடத்தில் ஒரு குழந்தை வளர்கிறது. மான் ஒன்று அதற்குப் பாலூட்டுகிறது. அக்குழந்தையே ஹய். மொழியும் ஆசிரியரும் இன்றி, கண்ணால் கண்டும் கையால் ஆராய்ந்தும் அவன் அறிவின் படிகளில் ஏறுகிறான். உடலைத் தாண்டி உயிரையும், உயிரைத் தாண்டி வானங்களையும், அனைத்தையும் தாண்டிப் படைத்தவனையும் அறிகிறான். ஐம்பது வயதை நெருங்கும்போது, அண்டைத் தீவிலிருந்து தனிமையை நாடிவந்த அப்ஸால் என்னும் வணக்கசாலியைச் சந்திக்கிறான். தான் சிந்தித்து அடைந்த உண்மையும் அப்ஸாலின் மார்க்கம் போதிக்கும் உண்மையும் ஒன்றே எனக் காண்கிறான். பின்னர் இருவரும் அண்டைத் தீவுக்குச் சென்று, அங்கு ஆட்சிபுரியும் ஸலாமானின் மக்களுக்கு அந்த உண்மையைப் போதிக்க முயல்கின்றனர். முயற்சி தோல்வியடைகிறது. இருவரும் தம் தீவுக்கே திரும்பிவிடுகின்றனர்.

பகுத்தறிவுக்கும் இறையறிவிப்புக்கும் முரண்பாடு இல்லை என்பதை நிறுவும் நூலாகவே இதனைப் பெரும்பாலோர் வாசித்து வந்துள்ளனர். அவ்வாசிப்பு பிழையன்று. எனினும் அது முழுமையான வாசிப்பு ஆகாது.

யாரும் நின்று வாசிக்காத பகுதி

அக்குழந்தை அத்தீவுக்கு எவ்வாறு வந்தது? இப்னு துஃபைல் இரு விடைகளைத் தருகிறார். முதலாவது, தட்பவெப்பம் சமநிலையில் அமைந்த அத்தீவின் களிமண்ணிலிருந்து தாயும் தந்தையும் இன்றி அது தோன்றியது என்பது. இரண்டாவது, அதை ஏற்காதோர் சொல்வதாக அவர் எடுத்துரைக்கும் செய்தி. எதிரேயிருந்த ஒரு பெரிய தீவைத் தன்மானச் செருக்கு மிக்க ஓர் அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு அழகிய சகோதரி ஒருத்தி இருந்தாள். தகுதியான இணை கிடைக்கவில்லை என்று கூறி அவளை எவருக்கும் மணமுடித்துக் கொடுக்காமல் தடுத்து வைத்திருந்தான். யக்ளான் என்ற உறவினர் ஒருவர் அவளை இரகசியமாக மணந்துகொண்டார். அம்மணம் அவர்களுடைய காலத்தில் அறியப்பட்டிருந்த நெறியின்படி செல்லத்தக்கதே என்பதை ஆசிரியர் மறவாமல் குறிப்பிடுகிறார். குழந்தை பிறந்தது. சகோதரனுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிய தாய், குழந்தைக்கு வயிறாரப் பாலூட்டி, ஒரு பேழையில் வைத்து உறுதியாக மூடி, இறைவனிடம் பொறுப்புச் சாட்டி இரவோடிரவாகக் கடலில் விட்டாள். அலை அப்பேழையை ஆளில்லாத் தீவில் சேர்த்தது.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை இவ்விடம் நினைவூட்டுவதை எவரும் உணர்வர். ஆனால் அங்கு அச்சத்துக்குக் காரணம் ஃபிர்அவ்ன். இங்கு காரணம் உடன்பிறந்த சகோதரன். கொடுங்கோலனுக்குரிய இடத்தில் குடும்பக் காவலனை இப்னு துஃபைல் நிறுத்தியிருப்பது தற்செயலன்று என்றே கருதுகிறோம். ஏனெனில் அரசனின் செயலைக் குறிக்க அவர் கையாளும் சொற்கள் இரண்டும் ஃபிக்ஹ் கலையின் சொற்கள். தடுத்து வைத்தான் என்பதற்கு அவர் ‘அள்ல்’ என்னும் வேரிலிருந்து பிறந்த வினையைப் பயன்படுத்துகிறார். இணை என்பதற்குக் ‘குஃபு’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். கதைசொல்லி ஒருவருக்கு ‘மறுத்தான்’ என்னும் பொதுச்சொல் ஒன்றே போதும். கற்றறிந்தவரான இப்னு துஃபைல், சட்ட நூலின் அத்தியாயத் தலைப்புகளையே எடுத்து அரசனின் மீது சார்த்துகிறார். ‘அள்ல்’ என்பது அல்குர்ஆன் பெயர் சுட்டித் தடைசெய்த குற்றம். ஆகவே அரபு வாசகன் அச்சொல்லைக் கண்டவுடனேயே, அரசன் குற்றவாளி என்ற தீர்ப்பையும் சேர்த்தே படித்துவிடுகிறான். மொழிபெயர்ப்புகளில் இந்த நுட்பம் மறைந்துபோகிறது.

‘அள்ல்’ என்னும் குற்றம்

அல்பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனம், பெண்கள் தாம் விரும்பும் கணவரை முறைப்படி மணந்துகொள்வதைப் பொறுப்பாளர்கள் தடுக்கலாகாது என்று விலக்குகிறது. இது இறங்கிய சூழலை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார். மஃகில் இப்னு யஸார் (ரழி) அவர்கள் தம் சகோதரியை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அவர் அவளை மணவிலக்குச் செய்துவிட்டு, இத்தா முடிந்தபின் மீண்டும் மணக்க விரும்பினார். அவளும் விரும்பினாள். மஃகிலோ, கண்ணியமாகக் கொடுத்ததை மதிக்காதவருக்கு மீண்டும் கொடுக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். மஃகிலின் சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த அண்ணனுக்கும் எழக்கூடிய சினமே அது. ஆயினும் வசனம் இறங்கியதும் அவர்கள் தம் சினத்தை விட்டுக்கொடுத்து, சகோதரியை மணமுடித்து வைத்தார்கள்.

இவ்விடத்தில் வேறு இரு நிகழ்வுகளையும் சேர்த்து நோக்குவது பொருத்தமாகும். கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களை அவர்களின் விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் அம்மணத்தை இரத்துச் செய்தார்கள். விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணான பரீரா (ரழி), தம் கணவர் முகீஸுடன் வாழ விரும்பவில்லை. அவர் கண்ணீர் மல்க மதீனாவின் தெருக்களில் அப்பெண்மணியைப் பின்தொடர்ந்தார். இரக்கம் கொண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் செல்லக்கூடாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். பரிந்துரை மட்டுமே என்ற விடை கிடைத்ததும், அவர் இணங்காது விலகிக்கொண்டார். அதற்காக அவரை எவரும் பழிக்கவில்லை.

இம்மூன்று நிகழ்வுகளிலும் மணத்தைத் தடுத்தல், வற்புறுத்தி மணமுடித்தல், வற்புறுத்திச் சேர்ந்து வாழச்செய்தல் ஆகிய மூன்றும் விலக்கப்படுகின்றன. அறிவுரைக்கும் கட்டாயத்துக்கும் இடையிலான எல்லை, நபியவர்களின் பரிந்துரையிலேயே பேணப்பட்டுள்ளது. இறைத்தூதரின் பரிந்துரையையே ஒரு பெண் ஏற்காதிருக்கலாம் என்றால், பஞ்சாயத்தாரின் வற்புறுத்தலுக்கு அவள் பணிந்தே ஆகவேண்டும் என்று எவரால் வாதிட இயலும்?

தனித்தீவில் மனித இயல்பு

இனி, பேழையிலிருந்து வெளிவந்த குழந்தையைக் காண்போம். சமூகம் என்ற ஒன்றையே அறியாத மனிதன் எவ்வாறு வளர்வான்? ஹாப்ஸின் விடை அறிந்ததே: அவன் பிறரை அஞ்சுவான், பிறரை அழிப்பான். இப்னு துஃபைலின் விடை வேறு. ஹய்யிடம் முதலில் தோன்றுவது அன்பு. தன்னை வளர்த்த மானிடம் கொண்ட அன்பு. அடுத்துத் தோன்றுவது நாணம். விலங்குகளின் மறைவிடங்கள் வாலாலும் உரோமத்தாலும் மூடப்பட்டிருக்கத் தான் மட்டும் மூடப்படாதிருப்பதை அவன் கண்டு வருந்துகிறான். ஏழு வயது அளவில் இலைகளால் தன்னை மறைத்துக்கொள்கிறான். பார்ப்பதற்கு எவருமில்லாத தீவில் நாணம் பிறக்கிறது. நாணம் என்பது ஊரார் பார்வைக்கு அஞ்சுவது மட்டுமே என்று கூறுவோருக்கு இப்னு துஃபைல் அளிக்கும் மறுப்பாக இதனைக் கொள்ளலாம். மான் இறந்தபோது அதன் உயிர் எங்கே போயிற்று என்று தேடி நெஞ்சைத் திறந்து பார்க்கிறான். காகம் ஒன்று மற்றொரு காகத்தைப் புதைப்பதைக் கண்டு, மானையும் புதைக்கிறான்.

முதிர்ந்த வயதில் அவன் தனக்கென வகுத்துக்கொள்ளும் ஒழுக்கமோ வியப்புக்குரியது. படைத்தவனின் பணியைத் தான் தடுக்கலாகாது என்று கருதி, தேவைக்கு மேல் உண்பதில்லை. கனியை உண்டால் விதையை விளையும் நிலத்தில் இடுகிறான். எந்த இனமும் அழிந்துவிடாதபடி தேர்ந்தெடுத்து உண்கிறான். ஒரு செடிக்கு வெயிலை மறைக்கும் தடை இருந்தால் அகற்றுகிறான். துன்புறும் விலங்குக்கு உதவுகிறான். ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரா’ என்னும் இயற்கை நெறியிலேயே பிறக்கிறது என்ற நபிமொழியின் விரிவுரையாகவே இப்பகுதி அமைந்துள்ளது. ஒழுக்கத்தின் விதை மனிதனுக்குள்ளேயே இடப்பட்டுள்ளது. அதனைச் சமூகம் புதிதாக உண்டாக்குவதில்லை என்பதே இப்னு துஃபைலின் முடிவு. இம்முடிவில் நாம் அவருடன் முற்றிலும் உடன்படுகிறோம்.

திரும்பிச் சென்றது சரியா?

உடன்பட இயலாதது இறுதிப் பகுதியில்தான். ஸலாமானின் தீவில் மார்க்கம் இருக்கிறது; வணக்கம் இருக்கிறது; அவற்றின் உட்பொருள் இல்லை. ஹய் அதனை எடுத்துரைத்தபோது மக்கள் முகம் சுளிக்கின்றனர். பெரும்பாலோரின் அறிவு இவ்வளவே என்று அவன் முடிவு செய்கிறான். தான் கூறியவற்றுக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய வழக்கிலேயே உறுதியாக நிற்குமாறு அறிவுறுத்திவிட்டுத் திரும்புகிறான்.

இதனைப் பணிவு என்று சிலர் பாராட்டுவர். நமக்கோ இது கைவிடலாகவே தோன்றுகிறது. ஹய்யின் சிந்தனையில் ஒரு குறை முன்னரே வெளிப்பட்டுவிட்டது. மார்க்கத்தில் பொருளுடைமை, ஸகாத், வணிகம், தண்டனை பற்றிய சட்டங்கள் ஏன் தேவைப்பட்டன என்று அவன் வியக்கிறான். உண்மையை அறிந்தவர்களுக்கு அவை எதற்கு என்று கேட்கிறான். அண்டை வீடே இல்லாதவனுக்கு அண்டை வீட்டாரின் பசி எவ்வாறு தெரியும்? தன்மீது அதிகாரம் செலுத்துவோர் எவரையும் சந்திக்காதவனுக்கு, அதிகாரத்துக்குக் கடிவாளமிடும் சட்டத்தின் அருமை எவ்வாறு புரியும்?

இக்குறையை நன்கு கண்டவர், ஒரு நூற்றாண்டுக்குப் பின் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ். நுரையீரல் வழி இரத்தம் செல்வதை முதன்முதலில் விளக்கிய மருத்துவ மேதை அவர். ஹிஜ்ரி 687இல், கி.பி. 1288இல் காலமானார். ‘அர்ரிஸாலத்துல் காமிலிய்யா’ என்ற அவரது நூலிலும் ஒருவன் தீவில் தனியே தோன்றி வளர்கிறான். அவன் பெயர் காமில். ஆனால் அங்கே ஒரு கப்பல் கரையொதுங்குகிறது. அதில் வந்தோர் அவனுக்குச் சமைத்த உணவளிக்கின்றனர்; ஆடை தருகின்றனர். உழுவதையும் அடுவதையும் நெய்வதையும் ஒருவனே செய்துகொள்ள இயலாது என்பதை அவன் உணர்கிறான். மனிதன் நன்கு வாழக் கூட்டுறவு வேண்டும். கூட்டுறவுக்குக் கொடுக்கல் வாங்கல் வேண்டும். கொடுக்கல் வாங்கலில் பூசல் எழாதிருக்க நீதியான சட்டம் வேண்டும். அச்சட்டத்தை அறிவிக்க இறைத்தூதர் வேண்டும் என்று அவன் சிந்தனை செல்கிறது. ஹய் சமூகத்தை விட்டு விலகுகிறான். காமில் அதனிடம் வந்து சேர்கிறான்.

இப்னுந் நஃபீஸுக்குப் பின் வந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் கூட்டு வாழ்வை இயக்கும் ஆற்றலுக்கு ‘அஸபிய்யா’ என்று பெயரிட்டார். குருதி உறவாலும் நெருக்கத்தாலும் ஒரு குழு ஒன்றுபட்டு நிற்பதே அது. அஸபிய்யா இன்றி எந்த அரசும் எழவில்லை என்பது அவரது கணிப்பு. அதே வேளை, அறியாமைக் காலத்து அஸபிய்யாவை, தவறிழைத்தாலும் தன் குழுவையே ஆதரிக்கும் வெறியை, மார்க்கம் கண்டித்துள்ளதையும் அவர் எடுத்துக்காட்டத் தவறவில்லை.

இம்மூவரையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஒன்று புலனாகிறது. மனித இயல்பைப் பற்றி இப்னு துஃபைல் சரியாகக் கூறினார். சமூகத்தின் தேவையை இப்னுந் நஃபீஸ் சரியாகக் கூறினார். சமூகத்தின் வலிமையை இப்னு கல்தூன் சரியாக அளந்தார். ஆனால் பேழையைக் கடலில் விட்ட அந்தத் தாய்க்கு என்ன நேர்ந்தது? இப்னு துஃபைல் அவளிடம் திரும்பிச் செல்லவேயில்லை. ஹய் வானங்களின் இயக்கத்தைப் பற்றியெல்லாம் வினவுகிறான். தன் தாய் யார் என்று ஒரு முறையும் வினவுவதில்லை. அப்ஸாலிடம் மொழியைக் கற்ற பின்னரும் அவ்வினா எழவில்லை. கதையைத் தொடக்கிவைத்த அநீதி, கதை முடிந்தபோதும் அவ்வாறே இருக்கிறது. இந்நூலின் பெருங்குறை இதுவென்றே நாம் கருதுகிறோம்.

நம் மண்ணில் அதே கதை

இக்குறை நம்மை உறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமானின் பெயரைத் தாங்கிநிற்கும் ஊர். அவன் அவ்வையாருக்கு நெல்லிக்கனி அளித்ததைத் தமிழ் கற்ற ஒவ்வொருவரும் அறிவர். ஊர் ஊராகத் தம் விருப்பப்படி சென்று பாடிய ஒரு பெண்பாற் புலவரை, தொண்டைமானிடம் தூது செல்லத்தக்கவராக மதித்த அவை அவனுடையது. அதே புறநானூற்றிலேயே ‘மகட்பாற் காஞ்சி’ என்னும் துறையில் அமைந்த பாடல்களும் உள்ளன. பெண் கேட்டு வரும் வேந்தனுக்குத் தந்தையும் தமையன்மாரும் கொடுக்க மறுக்கின்றனர், போர் மூள்கிறது, ஊர் அழியப்போகிறதே என்று புலவர் இரங்குகிறார். கேட்பவனின் வீரமும் மறுப்பவரின் மானமும் விரிவாகப் பேசப்படுகின்றன. அப்பெண்ணின் விருப்பம் பேசப்படுவதில்லை.

அகப்பாடல்கள் காட்டும் உலகம் வேறு. அங்கு ‘உடன்போக்கு’ பழிக்குரியதாகக் கருதப்படவில்லை. தலைவியின் காதலை உற்றாருக்கு வெளிப்படுத்துவதற்கு இலக்கண நூலார் இட்ட பெயர் ‘அறத்தொடு நிற்றல்’ என்பது. அதாவது, அவள் மனத்தைத் தெரிவிப்பதே அறத்தின் பக்கம் நிற்பதாகக் கருதப்பட்டது. அதேவேளை தொல்காப்பியர் மற்றொன்றையும் கூறுகிறார். பொய்யுரையும் தவறுகளும் தோன்றியபின் சான்றோர் கரணம் என்னும் மணச்சடங்கை வகுத்தனர் என்பது அவர் தரும் விளக்கம். கைவிடப்பட்ட பெண்ணைக் காக்கவே ஊரறிந்த மணம் என்ற ஒழுங்கு வந்தது. நிகாஹில் சாட்சிகளும் மஹரும் நிபந்தனையாக்கப்பட்டதன் நோக்கமும் இதனோடு ஒத்ததே. ஆக, மணத்தில் சமூகத்துக்கு இடமுண்டு. அது சாட்சியின் இடம், காவலின் இடம், உடைமையாளரின் இடம் அன்று.

2012ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், நாம் வாழும் இம்மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய்ப் பகுதியிலுள்ள நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. காரணம், சில வாரங்களுக்கு முன் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் மணம் செய்துகொண்டது. அதனைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அந்த இளைஞர் தருமபுரியில் இருப்புப்பாதையோரம் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். அத்தந்தையின் மரணத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. ஆனால் அவர் மீது விழுந்த சுமை எது? மகளின் செயல் மட்டுமா? ஊரில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தவர் யார்? அஸபிய்யா முதலில் பலிகொள்வது தன் குழுவைச் சேர்ந்தோரையே என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

2018 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள முடிவெடுத்தால் குடும்பத்தின் இசைவோ குலத்தின் இசைவோ கட்டாயமில்லை என்றும், தடுக்கக் கூடும் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மேற்கத்தியச் சிந்தனையின் விளைவு என்று நம்மில் சிலர் குறைகூறினர். ‘அள்ல்’ பற்றிய அத்தியாயத்தை அவர்கள் சற்றுப் புரட்டியிருக்கலாம். பொறுப்பாளர் தக்க காரணமின்றித் தடுத்தால் அவருடைய அதிகாரம் நீங்கி, காழியே அப்பெண்ணுக்கு மணமுடித்து வைப்பார் என்பது, பொறுப்பாளரை நிபந்தனையாக்கும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. வயது வந்த, சித்த சுவாதீனமுள்ள பெண் தானே செய்துகொள்ளும் மணம் செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. குடும்பத்துக்கு மேலே நீதிமன்றத்தை நிறுத்தும் ஏற்பாடு நமக்குப் புதியதன்று.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் வீட்டைப் பற்றி இவ்வளவு கூறிய நாம் நம் வீட்டுக் கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். இஸ்லாத்தில் சாதி இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அது உண்மை. உயர்குலத்துப் பெண்மணியான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களை, விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே மணமுடித்து வைத்தார்கள். ஆனால் நம் மஹல்லாக்களில் பெண் கேட்டு வருபவரின் வம்சத்தையும் வாப்பாவின் தொழிலையும் விசாரிக்காமல் எத்தனை திருமணங்கள் நடக்கின்றன? ‘சாதி’ என்ற சொல்லை நாம் சொல்வதில்லை; ‘குஃபு’ என்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. ஒரு ஜமாஅத்தில் மணவிவகாரம் ஒன்று எழுந்தது. படித்த, வயது வந்த ஒரு பெண், முடிதிருத்தும் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த, தொழுகையாளியான ஓர் இளைஞரை மணக்க விரும்பினாள். தந்தை மறுத்தார். மார்க்கச் சட்டம் என்னவென்று நம்மிடம் கேட்கப்பட்டது. நாம் கிதாபை விரித்து, குஃபு பற்றிய பகுதியைத் தெளிவாக வாசித்துப் பொருள் கூறினோம். பெரியவர்கள் மனநிறைவுடன் கலைந்தனர். அப்பெண் கதவுக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பின்னரே தெரியவந்தது.

நாம் வாசித்தது பொய்யன்று. வாசிக்காமல் விட்டதுதான் நம் குற்றம். நம் மதரஸாக்களில் பாடமாக ஓதப்படும் ‘ஹிதாயா’வை இயற்றிய மர்கீனானி (ரஹ்), இப்னு துஃபைலின் காலத்தவர், ஹிஜ்ரி 593இல் காலமானவர். தொழிலில் குஃபு பார்ப்பது குறித்து இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்தே இருவேறு அறிவிப்புகள் உள்ளன என்பதை அவர் அதே பகுதியில் எழுதியுள்ளார். தொழில் ஒருவரோடு பிரியாது ஒட்டியிருப்பதன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற காரணத்தையும் அங்கேயே தந்துள்ளார். குஃபு என்பது மார்க்கப்பற்றில் நோக்கப்பட வேண்டியது என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. ஸுஃப்யான் அஸ்ஸவ்ரி (ரஹ்) வம்சத்தில் குஃபு பார்ப்பதை ஏற்கவில்லை. ஹனஃபி அறிஞரான கர்கீ (ரஹ்) அவர்களும் அக்கருத்தினரே. குஃபு இல்லை என்று ஆட்சேபிக்கும் உரிமையும் காழியின் மூலமே நிறைவேற வேண்டியது. பொறுப்பாளர் தம் கையால் நிறைவேற்றிக்கொள்ளத் தக்கதன்று. குழந்தை பிறந்துவிட்டால் அவ்வுரிமையே அற்றுப்போய்விடும் என்றும் ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. இவை எவற்றையும் நாம் அன்று வாசிக்கவில்லை. குஃபு அத்தியாயத்தை விரித்த நாம் ‘அள்ல்’ பற்றிய வசனத்தை விரிக்கவில்லை. அறியாமையால் அன்று, அவையோரின் முகங்களைக் கண்டு.

ஹய்யின் கதையை மூன்றாம் முறை வாசித்தபோதுதான், அரசனின் செயலைக் குறிக்கும் அவ்விரு சொற்களும் அருகருகே நிற்பதைக் கண்டோம். ‘குஃபு’ கிடைக்கவில்லை என்பது அரசன் கூறிய காரணம். ‘அள்ல்’ என்பது அச்செயலுக்கு மார்க்கம் இட்ட பெயர். அக்காரணத்தை மட்டும் அவைக்கு வாசித்துக் காட்டிய நாம், அப்பெயரைக் கூறாது மறைத்துவிட்டோம்.

எதிர்வாதமும் விடையும்

இதனை வாசிக்கும் பெற்றோர் சிலர் கேட்கக்கூடும்: இளமை அறிவற்றது, ஏமாற்றுவோர் பலர், பிள்ளைகளின் போக்குக்கு விட்டுவிடுவதா? இவ்வச்சம் நியாயமானது. சுதந்திரம் என்ற பெயரில் பொறுப்பின்மையைப் போற்றுவோரை நாம் ஆதரிக்கவில்லை. விருப்பம் மட்டுமே அறமாகிவிடாது. பிறருக்குத் தீங்கில்லையேல் எதுவும் செய்யலாம் என்பதோடு மில் நிறுத்திக்கொள்கிறார். நாமோ ஒவ்வொரு விருப்பமும் அமானிதம் என்றும், அது பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்றும் நம்புகிறோம். ஆனால் விசாரணை உண்டு என்பதே தெரிவு செய்யும் உரிமை உண்டு என்பதற்குச் சான்று. தெரிவு செய்ய விடப்படாதவரிடம் விசாரிப்பதற்கு என்ன இருக்கிறது?

மேலும், அப்பெற்றோர் இக்கதையை மீண்டும் ஒருமுறை கருதிப் பார்க்கட்டும். அந்த இளவரசியின் மணம் இரகசியமானது யாரால்? இரகசிய மணத்தில் கேடுகள் உண்டென்பதை நாம் அறிவோம். மணத்தைப் பகிரங்கப்படுத்துமாறு மார்க்கம் வலியுறுத்துவதும் அதனாலேயே. அரசன் நியாயமாக நடந்திருந்தால், அவையறிய நடந்திருக்க வேண்டிய மணம் அது. மாமனின் மடியில் வளர்ந்திருக்க வேண்டிய குழந்தை அது. ஒழுக்கத்தைக் காப்பதாக எண்ணி அவன் போட்ட தடை, ஹலாலான ஒன்றை இருளில் ஒளியச் செய்தது. ஒரு தாயைத் தன் குழந்தையைக் கடலில் விடச் செய்தது. கட்டாயம் ஒழுக்கத்தை வளர்ப்பதில்லை. ஒளிவையும் அச்சத்தையுமே வளர்க்கிறது.

ஆகவே தனிமனித உரிமைக்கும் சமூக ஒழுக்கத்துக்கும் இடையே ஹய்யைப் போல ஒன்றைத் துறந்து மற்றொன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. இயல்பிலேயே நன்மையை நாடும் மனிதன், சமூகத்தில்தான் வாழ வேண்டும். அந்தச் சமூகம் எல்லை மீறும்போது அதனைத் தடுக்கும் நீதியும், நீதியை உள்ளவாறு எடுத்துரைக்கும் ஆலிம்களும் அதற்கு வேண்டும். ஹய் தன் தீவுக்குத் திரும்பியிருக்கலாம். நமக்குத் திரும்பிச் செல்லத் தீவு ஏதுமில்லை. சினமுற்ற முகங்களைக் கொண்ட அதே அவையில்தான் நாம் மீண்டும் அமரவேண்டியுள்ளது.

நிகாஹ் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இவ்விரு அத்தியாயங்களையும் ஒரே அமர்வில் நடத்த வேண்டும் என்பது நமது வேண்டுகோள். மஹல்லா நிர்வாகிகள், மணவிவகாரம் எதிலும் பெண்ணை அவைக்கு வெளியே நிறுத்தாமல், அவள் கூறுவதை அவளிடமே கேட்டறிய வேண்டும் என்பதும் நமது வேண்டுகோள். நம்மைப் பொறுத்தவரை, கடந்த சில ஆண்டுகளாக இவ்வாறே பாடம் நடத்தி வருகிறோம். அன்று கதவுக்கு அப்பால் நின்றவளுக்கு அது இனி எவ்விதத்திலும் பயன்படப்போவதில்லை என்பதையும் அறிவோம். அறிந்ததை மறைத்த குற்றத்தை வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக.